மெர்சிக்கு வாத்தியார் பார்த்தது

கிள்ளானில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பேண்டு அறையின் சாவி என்னிடம் இருந்தது. இசையில் எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். ஆனால் திருவொற்றியூரில் இருக்கும் என் சித்தி மகன் அருளுக்கு அது போதுமானதாக இருந்தது. "பொண்ண மூஜிக் காலேஜுல சேக்கணும்க்கா. நீ வந்து நல்ல வாத்தியாரா பாத்து சொல்லு" என்று போனில் கூப்பிட்டான். எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது என்றேன். "தெரிஞ்சவங்க அப்டித்தான் சொல்வாங்க" என்றான். இப்படித்தான் நான் மலேசியாவிலிருந்து ஒரு டிராம்போன் வாத்தியாரைத் தேடி வடசென்னைக்கு வந்து சேர்ந்தேன்.

அருள் பேண்டு செட் வைத்திருக்கிறான். கல்யாணம், சர்ச் திருவிழா, சாவு மூன்றுக்கும் போவார்கள். சாவுதான் அதிகம். அவன் கிளாரினெட் வாசித்துக்கொண்டே முன்னால் நடப்பான். அவன் மகள் மெர்சி பிளஸ் டூ முடித்தவள், அப்பனுக்குப் பின்னால் டிராம்போன் ஊதுவாள். குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற நீளமான பித்தளை வாத்தியம் அது. செட்டில் ஒரே பெண் அவள்தான். "பொண்ணு ஊதுற செட்டு வேணும்" என்று கேட்டு வருகிறார்களாம். மற்ற செட்டுக்காரர்களும் இப்போது பெண்களைத் தேடுவதாகக் கேள்வி.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றது. கிள்ளானிலும் துறைமுகம் உண்டு, கன்டெய்னர் லாரிகள் உண்டு. அங்கே அவை ஓடும். இங்கே குடியிருக்கின்றன. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற லாரியின் நிழலில் டிரைவர் ஒருவர் அடுப்பு மூட்டி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அவர் குழம்பைக் கூட்டி, கொதிக்க வைத்து, இறக்குகிற வரைக்கும் நாங்கள் அவர் பக்கத்திலேயே இருந்தோம். வாசனையை வைத்துச் சொல்கிறேன், புளி கொஞ்சம் அதிகம்.

வீட்டு வாசலில் செட்டு ஆட்கள் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். "இவங்க எங்க அக்கா. மலேசியாவுல பேண்டு டீச்சர்" என்று அருள் அறிமுகப்படுத்தினான். நான் ஆபீஸில் கிளார்க் என்று திருத்தினேன். டிரம் அடிக்கிறவர் எழுந்து கும்பிட்டார். அதன் பிறகு அங்கிருந்த நாட்கள் முழுக்க நான் திருத்திக்கொண்டே இருந்தேன், அவர்கள் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அருளின் மனைவி சுகந்தி சுறாப்புட்டும் ரசமும் வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டேன். ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் மேற்கத்திய இசைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. பித்தளை வாத்தியத்துக்கு அங்கே இரண்டு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் "இந்தப் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால்தான் சீட்டு. படிப்பு முடிகிற வரைக்கும் அதே ஆசிரியர், நடுவில் மாற்ற முடியாது. கல்யாணத்தில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று தோன்றியது.

"உனக்கு இந்தப் படிப்பு வேணுமா, இல்ல அப்பாவுக்காகப் போறியா?" என்று மெர்சியைத் தனியாகக் கேட்டேன்.

"வேணும் அத்த. ஆர்கெஸ்ட்ரால ஒக்காந்து வாசிக்கணும். இதுவரிக்கும் நான் ஒக்காந்து வாசிச்சதே இல்ல" என்றாள்.

அருளும் அதையேதான் சொன்னான். "எம்மா நாளிக்கு பொணத்துக்குப் பின்னாடியே நடப்பா? படிச்சி மேல வரட்டும்." சொல்லிவிட்டு, "செட்டுக்கும் வந்துகினே படிக்கட்டும்" என்று சேர்த்துக்கொண்டான். அப்போது எனக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. சுறாப்புட்டு நன்றாக இருந்தது.

மறுநாள் நானும் மெர்சியும் அந்த இரண்டு பேரில் ஒருவரைப் பார்க்க ராயபுரம் கிளம்பினோம். டிராம்போனுக்குப் பெட்டி கிடையாது. ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டித் தைத்து உறை போட்டிருந்தார்கள். மழை இறங்காது, நல்ல யோசனைதான். ஆனால் உறையின் அகலமான பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். "தெரியாது அத்த. பேனர் கடைல மிச்சம் பட்டுது" என்றாள் மெர்சி.

ஷேர் ஆட்டோவில் பெரியவரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு போனோம். கால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காசிமேடு திருப்பத்தில் அது ஒரு பூக்காரம்மாவின் கூடையில் மாட்டி ஒரு முழம் கதம்பத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டோவை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பூவைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தம்மா எட்டிப் பார்த்தார். பெரியவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"வச்சிக்கம்மா, பாவம். சுத்தி போடு" என்றார்.

மறுத்தால் தப்பாகிவிடும் போலிருந்தது. ராயபுரத்தில் இறங்கும்போது பெரியவர் மாலையோடு இருந்தார். தெருவில் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பேராசிரியர் ஞானதுரைக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அவர் அண்ணனுக்கு ராயபுரத்தில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். கீழே குடோன், மேலே வீடு. படி ஏறும்போதே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. மூச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று சார் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. மலேசியாவுல பேண்டு டீச்சராமே?"

"ஆபீஸ்ல கிளார்க் சார்."

"சந்தோசம். காப்பி குடிக்கியளா?"

கருப்பட்டிக் காப்பியும் முந்திரிக்கொத்தும் வந்தன. முந்திரிக்கொத்து என்பது பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த உருண்டை. கிள்ளானில் தேங்காய்ப்பால் பலகாரங்களையே தின்று வளர்ந்தவள் நான். அந்தத் தட்டைப் பார்த்தபோதே இவர்தான் வாத்தியார் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

சார் கண்ணை மூடிக்கொண்டு, வாசிக்கச் சொன்னார். மெர்சி சாவு ஊர்வலத்தில் வாசிக்கிற ஒரு பழைய சோகப் பாட்டை எடுத்தாள். நான் அசந்துபோனேன். ஒல்லியாக, அதிர்ந்து பேசாத பெண், அவளுக்குள்ளிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் நெடி ஒரு பங்கு, பாட்டு ஒரு பங்கு.

பாட்டு நீளமாக இருந்தது. காப்பி முடிந்தது. முந்திரிக்கொத்து முடிந்தது. சாரின் மனைவி வந்து டம்ளர்களை எடுத்துப்போனார், பிறகு வந்து தட்டை எடுத்துப்போனார். சார் கண் திறக்காமல் நாற்காலிக் கையில் தாளம் போட்டார். மெர்சியின் கண்கள் மட்டும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன. அவள் முகம் சிவந்து, பிறகு கறுக்க ஆரம்பித்தது. பெரிய கலைஞர்களுக்கு அப்படித்தான் ஆகும் போல என்று இருந்துவிட்டேன். கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்தது. லோடுமேன் ஒருவர் அதை நிறுத்தக் கையைத் தூக்கினார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்ததும் மெர்சி சட்டென்று வாசிப்பதை நிறுத்தினாள். பாதி வரியில் நிறுத்தியது போல் எனக்குப் பட்டது.

சார் கண் திறந்தார். "அருமை. புள்ள அருமையா வாசிக்கா. நான் புதுசா சொல்லிக் குடுக்க என்ன இருக்கு?"

"பேண்டுக்கும் போவா சார்" என்றேன்.

"போகட்டுமே. காலேஜுக்கும் வரட்டும், பேண்டுக்கும் போகட்டும். நான் எதுக்குத் தடுக்கப் போறேன்?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அருளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எனக்கு வஞ்சிரம் வாங்கி வந்தான். "உன்னாலதான்க்கா, உன்னாலதான்" என்றான். நான் காப்பி மட்டும்தான் குடித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

ஆனாலும் இன்னொரு ஆசிரியரையும் பார்க்காமல் வாக்குக் கொடுப்பது மரியாதையில்லை என்று சுகந்தி சொன்னாள். அடுத்த நாள் எண்ணூருக்கு ரயில் ஏறினோம். திருவொற்றியூரில் ஏறும்போது கூட்டம். நெற்றி நிறையத் திருநீறு வைத்த ஓர் அம்மா மெர்சியின் தோளில் இருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார்.

"ஒக்காரு கண்ணு. தாத்தாவா?"

"தெரியாதுக்கா."

"எனுக்கும் எங்க தாத்தாவ பாத்த நெனப்பு இல்ல" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெர்சி பெரியவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எண்ணூர் வரும்வரை யாரும் சத்தமாகப் பேசவில்லை.

செலின் மிஸ் வீடு கத்திவாக்கம் தாண்டி, முகத்துவாரக்குப்பம் போகிற வழியில் இருந்தது. கழிமுகத்தின் உப்புக் காற்று ஒரு பக்கம், சிம்னிகள் ஒரு பக்கம். மேசையைத் துடைத்து முடித்தால் மறுபடி தூசி படிந்துவிடும் ஊர். மிஸ் கையில் எப்போதும் ஒரு துணி இருந்தது. பேசும்போதும் துடைத்துக்கொண்டே பேசினார். நாற்பது வயது இருக்கலாம். காப்பி கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார், அதுவும் மெர்சிக்கு மட்டும், வாய் காயக் கூடாது என்று. என்னைப் பார்த்து, "நீங்க பேண்டு டீச்சர்னாங்க" என்றார்.

"ஆபீஸ்ல கிளார்க் மிஸ்."

"அப்ப அந்த நாற்காலில உக்காருங்க" என்று மூலையைக் காட்டினார். என் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

மெர்சி அதே பாட்டை வாசித்தாள். மிஸ் கண்ணை மூடவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் உதட்டையும், தோளையும், காலையும் பார்த்தார். பாட்டு ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று ஆரம்பித்தது. அதுவும் முடிந்து மறுபடி ஆரம்பித்தபோது மிஸ் மேசையைத் தட்டினார்.

"இந்தப் பாட்டு எங்க முடியும்?"

மெர்சி வாத்தியத்தை இறக்கினாள். "தெரியாது மிஸ்."

"தெரியாதுன்னா?"

"நைனா கைய தூக்குவாரு. அங்க நிறுத்திருவோம்."

"எப்ப தூக்குவார்?"

"சுடுகாட்டு கேட்டாண்ட போனதும். பாட்டு எங்க கீதோ அங்கியே வுட்டுருவோம். அதுவரிக்கும் சுத்தி சுத்தி வரணும்."

"கல்யாணத்துக்கு?"

"மண்டபத்து வாசல்ல மாப்ள எறங்கிட்டா தூக்கிருவாரு."

"சர்ச் திருவிழா?"

"தேர் நின்னதும் தூக்குவாரு மிஸ்."

மிஸ் துணியை மறுபடி கையில் எடுத்தார். "அப்ப நீ இதுவரைக்கும் ஒரு பாட்டைக்கூட முடிச்சதே இல்லையா?"

மெர்சி யோசித்துப் பார்த்தாள். எனக்கு அவள் யோசித்த விதம்தான் கஷ்டமாக இருந்தது. எங்கேயாவது ஒன்றாவது இருக்குமா என்று நேர்மையாகத் தேடினாள். "இல்ல மிஸ்" என்றாள்.

முந்தைய நாள் மிளகாய்க் குடோனுக்கு மேலே நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாராவது கையைத் தூக்குவார்கள் என்று அந்தப் பெண் மூச்சுப் பிடித்துக் காத்திருக்கிறாள். அவள் முடிப்பாள் என்று சார் கண்ணை மூடிக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள். லோடுமேன் மட்டும் வராவிட்டால் அவள் இன்னும் ஊதிக்கொண்டிருப்பாள். நடுவில் நான் முந்திரிக்கொத்து தின்றுகொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உனக்கு நல்ல காது, நல்ல மூச்சு" என்றார் மிஸ். "மத்ததெல்லாம் தெருவோடது. உதடு வச்சிருக்கிறது நடக்கிறதுக்கு ஏத்த மாதிரி இருக்கு. உக்காந்தா உனக்குப் பாதி சுரம் வராது. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நான் எடுத்துக்கிறேன். ஆனா ஒரு வருஷம் பேண்டுல வாசிக்கக் கூடாது. காலைல இங்க நான் சரி பண்றத சாயந்தரம் நீ தெருவுல போய் மாத்திட்டு வந்தா என்னால முடியாது."

"ஒரு நாளுகூடயா மிஸ்?"

"ஒரு நாளுகூட."

திரும்பி வரும் ரயிலில் காற்று நன்றாக வந்தது. மெர்சி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விம்கோ நகர் வந்ததும் சொன்னாள்.

"எனுக்கு அந்த மிஸ்தான் வேணும் அத்த."

"அப்பாகிட்ட சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். எனுக்கு முன்னாடி நடந்துகினு இருப்பாரு. டிராம்போன நான் முன்னாடி தள்ளுறப்போ அவரு முதுகுல லேசா இடிக்கும். இடிச்சா, நான் சரியா வந்துகினு கீறேன்னு அவருக்குத் தெரியும். அவருகிட்ட எப்டி சொல்றது? நீ சொல்லு. நீதான டீச்சர்."

இந்த முறை நான் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் அருள் எங்களைக் கூட்டிக்கொண்டு அத்தோ சாப்பிடப் போனான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தப் பக்கம் கொண்டுவந்த சாப்பாடு அது. மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம் எல்லாம் போட்டு, கூடவே வாழைத்தண்டு சூப் தருகிறார்கள். எங்கள் ஊரில் நூடுல்ஸை வறுத்து மீ கோரெங் செய்வதென்றால் சட்டி தீப்பிடிக்க வேண்டும். இங்கே அடுப்பையே காணோம். கடைக்காரர் கையைப் பார்க்காமல் சாப்பிட்டால் அருமை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குப் பதிலாக இரண்டாவது தட்டு கேட்டேன்.

"அப்போ ஞானதுரை சாருக்கே சொல்லிரலாமாக்கா?" என்றான் அருள்.

"செலின் மிஸ்" என்றேன்.

அவன் சூப்பைக் கீழே வைத்தான். "அந்தம்மா இன்னா சொல்லுச்சு?"

சொன்னேன். ஒரு வருடம் என்பதையும் சொன்னேன். மெர்சி தன் தட்டில் வெங்காயத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அது ஒதுக்குகிற வெங்காயம் இல்லை, வறுத்தது.

"ஒரு வருசமா? அவ எடத்துக்கு யாரு வருவா? செட்டு இன்னா ஆவுறது?" என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "செட்ட வுடுக்கா. அத நான் எப்டியாச்சும் ஓட்டிப்பேன். பின்னாடி அவ சத்தம் வந்தாதான் எனுக்குக் காலு போவும். உனுக்கு அது தெரியாது."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த இடத்தில் யாராக இருந்தாலும் ஞானதுரை சாரையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறியிருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன், அந்தப் பெண் எண்ணூரில் யோசித்த விதத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

"டேய், அந்த சார் நல்லவர். ஆனா கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். உன் பொண்ணு மூச்சு முட்டி நின்னது அவருக்குத் தெரியல. எனக்கும் தெரியல. அந்த மிஸ் பார்த்தாங்க. பாட்டு எங்க முடியும்னு கேட்டாங்க. இவளை இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை."

அருள் மெர்சியைப் பார்த்தான். "இன்னா கண்ணு, உனுக்கும் அதானா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி" என்றான். "உன்ன கூப்புட்டதே என் தப்புக்கா." அதைச் சொல்லிவிட்டு என் தட்டுக்கு இன்னொரு அவித்த முட்டையை வெட்டிப் போடச் சொன்னான். கோபமா, உபசாரமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் ஞானதுரை சாருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா, ரொம்ப சந்தோசம். செலின் நல்லா சொல்லிக் குடுப்பா. எப்ப ஊருக்குப் போறிய? காப்பிக்கு வந்துட்டுப் போங்க" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். நல்ல மனிதர்கள் இப்படி நம்மைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள்.

மெர்சி அன்றைக்கே எண்ணூருக்குப் போனாள், நானும் கூடப் போனேன். மிஸ் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். பாட்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு சுரம். அதை நீளமாகப் பிடிக்க வேண்டும். மிஸ் தன் போனை எதிரே நிறுத்தி வைத்தார். அதில் ஒரு முள் ஆடியது. சுருதி ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பு, சரியாக நின்றால் பச்சை. காலை முழுக்க மெர்சி பச்சையைத் தேடினாள். முதலில் போனைப் பார்த்து ஊதினாள். பிறகு மிஸ் போனைத் திருப்பி வைத்துவிட்டு, "இப்ப காதால பாரு" என்றார். கடைசியில் எப்போது பச்சை, எப்போது சிவப்பு என்று மெர்சியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மிஸ் போனைத் திருப்பிச் சரிபார்த்தார், சரியாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டது. மூலை நாற்காலியில் நான் தூங்கிவிட்டேன்.

இப்படியே இரண்டு மூன்று நாள் போனது. வீட்டில் அருள் எதுவும் கேட்கவில்லை. டிராம்போன் இடத்துக்கு ஆள் போடவும் இல்லை. "அவ எடம் அப்டியே கெடக்கட்டும்" என்று செட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டானாம்.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாளன்று பின்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா இறந்துபோனார். மெர்சி சின்ன வயதில் அவர் கடை வடகறி தின்று வளர்ந்தவள். சாவுக்கு அருளின் செட்டு. தெருமுனை வரைக்கும் பெண்களும் போவது அங்கே வழக்கம். நானும் மெர்சியும் போனோம். மெர்சி சுடிதார் போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு, பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நடந்தாள். செட்டு போகிற ஒரு சாவில் இப்படி நடப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

செட்டு ஆரம்பித்தது. சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, வெயிலில் பித்தளை மினுங்கியது. அருள் முன்னால் நின்று கிளாரினெட்டைத் தூக்கி எடுத்தான். அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தெருவே அதிர்ந்தது. கிள்ளானில் நாங்கள் பிணத்தை வேனில் ஏற்றி ஓசையில்லாமல் கொண்டுபோகிறோம், ஏதோ திருட்டுச் சாமான் போல. இங்கே ஓர் இட்லிக் கடை அம்மா ராஜ மரியாதையோடு போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செத்தாலும் இந்த செட்டு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெர்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தம்மாவை நினைச்சு அழறியா?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. "செட்டு சுருதி சேரல அத்த" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "யாராவது புது ஆளா?"

"இல்ல. நைனாதான். நைனா கிளாரினெட்டு ஏறி நிக்குது. அவரு ஏறி நிக்கிறதால மத்தவங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் போறாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உள்ள நின்னு வாசிக்கிறப்ப எனுக்கு என் சத்தந்தான் கேக்கும். எப்பவும் இப்டித்தான் இருந்திருக்கும் போல."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வித்தியாசம் கேட்காத காதோடு அறுபது வருடம் வாழ்ந்திருக்கிறேன், நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இவள் மூன்று நாள் ஒரு சுரத்தைப் பிடித்துவிட்டு இங்கே நிற்கிறாள். இதற்கு நான்தான் பிளேன் ஏறி வந்து வழி காட்டியிருக்கிறேன்.

"நைனாகிட்ட சொல்லிடாத அத்த" என்றாள்.

தெருமுனையில் பாடையை இறக்கித் திருப்பி வைத்தார்கள். பெண்கள் அங்கே நின்றுகொண்டார்கள். அந்த இடைவேளையில் செட்டும் ஓய்ந்தது. அருள் கூட்டத்துக்குள் மகளைத் தேடி எங்களிடம் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஜரிகை வைத்த கோட்டுக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்தான்.

"அழாத கண்ணு. ஒரு வருசந்தான். கண்ண மூடித் தெறந்தா ஓடிரும். உன் எடம் அப்டியே கீது, பாத்தல்ல?"

மெர்சி தலையை ஆட்டினாள்.

அருள் என்னைப் பார்த்தான். அத்தோ கடைக்குப் பிறகு அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். "பாத்தியாக்கா? நம்ம செட்ட வுட்டு இருக்க முடில புள்ளையால."

"ஆமாடா" என்றேன்.

பாடையை மறுபடி தூக்கினார்கள். அருள் ஓடிப்போய் முன்னால் நின்றான். எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மகளுக்குக் கேட்கட்டும் என்று, முன்னைவிடச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, செட்டு தெரு திரும்பி மறைகிற வரைக்கும் நின்று கேட்டாள்.